ஒரே கழனி மண், இரண்டு ரிப்போர்ட்: 0.6 சரியா, 212 சரியா?

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டை பக்கம் பாலாற்றங்கரையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கழனி. நெல்லும் கொஞ்சம் கீரையும் வைக்கிறோம். ஒரே பையில் எடுத்த மண்ணை இரண்டாகப் பிரித்து இரண்டு லேபில் கொடுத்தேன். குரோமியம் ஒன்றில் 0.6 பிபிஎம், இன்னொன்றில் 212 மி.கி./கிலோ என்று வந்தது. போர் தண்ணீரிலும் இதே கதைதான். முதல் லேபில் குரோமியம் ‘பி.டி.எல்.’ என்று போட்டிருக்கிறது. இரண்டாவதில் குரோமியம் 0.03, ஆர்சனிக் 0.014, குளோரைடு 1,600 மி.கி./லிட்டர். யாரை நம்புவது? மறுபடி எடுப்பதென்றால் எப்படி எடுக்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு சின்ன விஷயம். மண்ணைப் பொறுத்தவரை பிபிஎம் என்பதும் மி.கி./கிலோ என்பதும் ஒன்றுதான். அதனால் உங்கள் வித்தியாசம் அலகில் இல்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘முறை’ என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒன்றில் டிடிபிஏ, மற்றதில் ஆசிட் டைஜஷன். விஷயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு லேபும் தப்பு செய்யவில்லை.

டிடிபிஏ என்பது உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஒரு ரசாயனம். பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் எவ்வளவு என்று பார்க்க அதை வைத்து 1978-ல் லிண்ட்சே, நார்வெல் இருவரும் வெளியிட்ட முறை இது. 10 கிராம் மண்ணில் 20 மி.லி. கரைசலை ஊற்றி, இரண்டு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, அந்த வடிநீரைக் கருவியில் கொடுப்பார்கள். உங்கள் மண்ணின் வடிநீரில் கருவி 0.3 மி.கி./லிட்டர் காட்டியிருக்கும். அதை 20-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 0.6. மற்ற லேபில் 1 கிராம் மண்ணை ஆசிட்டில் வேகவைத்து 100 மி.லி. ஆக்கியிருப்பார்கள். கருவி 2.12 காட்டினால் மண்ணில் 212. கருவி இரண்டு இடத்திலும் கரைசலைத்தான் பார்த்தது, மண்ணைப் பார்க்கவில்லை. மண்ணிலிருந்து கரைசலுக்கு எதை இழுத்து வந்தோம் என்பதில்தான் எண் மாறுகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. டேனரிகளில் தோலைப் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம். ‘குரோமியம் மூன்று’ என்போம். காரத்தன்மையுள்ள மண்ணில் அது ஹைட்ராக்சைடாகப் படிந்து உட்கார்ந்துவிடும். அப்படியே கரைந்தாலும், தன்னைச் சுற்றியிருக்கும் மூலக்கூறுகளை விட்டு டிடிபிஏ-வின் பிடிக்குள் வர அது எடுத்துக்கொள்ளும் நேரம் ரொம்ப அதிகம். துத்தநாகம் நிமிடங்களில் வந்துவிடும், குரோமியம் இரண்டு மணி நேரத்தில் அசையாது. ஆகவே குரோமியத்துக்கு டிடிபிஏ எண்ணைப் பார்த்து ‘0.6-தானே, பரவாயில்லை’ என்று நிம்மதி அடையாதீர்கள். அந்த முறையை அதற்காக யாரும் உருவாக்கவில்லை.

சரி, 212 என்பது மொத்தமா? அதுவும் முழுசாகச் சொல்ல முடியாது. டைஜஷன் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். ஒரு கிராம் மண்ணில் நைட்ரிக் ஆசிட் விட்டு 95 டிகிரியில் ஹாட் பிளேட்டில் வைத்தால் பீக்கர் வாயில் செம்பழுப்புப் புகை எழும்பும். புகை அடங்கும் வரை ஆசிட்டைச் சேர்த்துக்கொண்டே இருப்போம். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மக்கு அதிகமுள்ள மண் என்றால் பால் பொங்குவது போலப் பொங்கும். அவசரப்பட்டால் மாதிரி பிளேட்டின் மேல் வழிந்துவிடும். கடைசியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இத்தனைக்கும் பிறகு பீக்கரின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் மணல் நிற்கும். அது சிலிக்கேட். அதற்குள் பூட்டிக்கிடக்கும் உலோகமும், குரோமைட் என்ற கருங்கனிமத்தில் இருக்கும் குரோமியமும் இந்த ஆசிட்டுக்கு அசையாது. சிலிக்கேட்டை உடைக்க ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் வேண்டும். ஆபத்தான ஆசிட் அது, எல்லா லேபும் தொடாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஆசிட்டுக்கே அசையாத உலோகம் கீரைக்கு வரப்போவதில்லை.

212 அதிகமா? கனடாவில் விவசாய நிலத்துக்கு மொத்த குரோமியம் 64 மி.கி./கிலோ என்று ஒரு வழிகாட்டு அளவு வைத்திருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் பாறையைப் பொறுத்து மண்ணில் இயற்கையாகவே குரோமியம் கூடக் குறைய இருக்கும். கனடா எண்ணைவிட உங்கள் ஊர் எண்தான் எனக்கு முக்கியம். ஆற்று வெள்ளமும் டேனரித் தண்ணீரும் ஒருபோதும் ஏறாத மேட்டு நிலத்தில், அதே வகை மண்ணில் ஒரு மாதிரி எடுங்கள். அதையும் அதே லேபில், அதே முறையில் கொடுங்கள். அங்கே 60 வந்து உங்களிடம் 212 வந்தால், மிச்சம் வெளியிலிருந்து வந்தது. அங்கேயே 180 வந்தால் கதை வேறு.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி: அது எந்த குரோமியம்? ‘மூன்று’ பெரும்பாலும் படுத்துக்கிடக்கும். ஆறு இணைதிற குரோமியம், அதாவது ‘குரோமியம் ஆறு’, தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுமேட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பிரச்சினை குரோமியம் ஆறுதான். குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்து வறுத்து எடுக்கும் தொழில் அது, டேனரி வேறு. உங்கள் கழனி எதன் பக்கம், நிலத்தடி நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ‘ஆறு’ பார்ப்பது அவசியமாகலாம். அதே கனடா அளவில் விவசாய மண்ணுக்குக் குரோமியம் ஆறு 0.4 மி.கி./கிலோ மட்டுமே. 64-ஐயும் 0.4-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று தெரியும்.

குரோமியம் ஆறைப் பிரிக்க மேலே சொன்ன ஆசிட் முறை உதவாது. ஆசிட்டில் போட்ட உடனே மண்ணிலுள்ள மக்கு ஆறை மூன்றாக மாற்றிவிடும், அப்புறம் ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வரும். சோடியம் கார்பனேட்டும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்த கரைசலில் 90 முதல் 95 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். அந்த வடிநீரில் டைஃபினைல்கார்பசைடு சேர்த்து, அமிலத்தன்மை சரிசெய்தால், ஆறு இருந்தால் நாவல்பழச் சாறு மாதிரி ஒரு ஊதா நிறம் ஏறும். 540 நானோமீட்டரில் அதை அளப்பார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிறம் ஏறுவதை நின்று பார்க்கத் தோன்றுகிறது எனக்கு.

தண்ணீருக்கு வருவோம். ‘பி.டி.எல்.’ என்றால் கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று பொருள். இல்லை என்று பொருள் இல்லை. எல்லை எவ்வளவு என்று பக்கத்தில் போட வேண்டும். உங்கள் முதல் ரிப்போர்ட்டில் அது காணோம். குடிநீருக்கு இந்தியத் தரம் மொத்த குரோமியம் 0.05. மாதிரியைத் தீச்சுடரில் தெளித்து உலோகத்தை அளக்கும் ஏஏஎஸ் கருவியில் எல்லையே அதற்குப் பக்கத்தில் நிற்பதுண்டு. 0.05 எல்லையுள்ள கருவியில் 0.03 உள்ள தண்ணீர் பி.டி.எல்.தான். இரண்டு லேபும் ஒன்றையே சொல்லியிருக்கலாம்.

ஆர்சனிக் 0.014 என்பதை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். தரம் 0.01, அதனால் பயந்திருப்பீர்கள். இரண்டாவது லேபின் கருவி ஐசிபி-எம்எஸ். அது அணுவின் நிறையை வைத்து ஆளை அடையாளம் காணும் கருவி. ஆர்சனிக்கின் நிறை 75. கருவிக்குள் ஓடுவது ஆர்கான் வாயு, நிறை 40. உங்கள் தண்ணீரில் கொட்டிக்கிடக்கும் குளோரின் 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. கருவி அதையும் ஆர்சனிக் என்றே எண்ணிவிடும். குரோமியத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு: குளோரின் 35, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1 சேர்ந்தால் 52, அதுதான் குரோமியத்தின் நிறை. தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைத்து, டேனரியில் முதலில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு வெளியேறும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக் கிணறுகளில் இந்த நிறைத் தொல்லையை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். ‘ஹீலியம் மோடில் அளந்தீர்களா?’ என்று லேபைக் கேளுங்கள். ஹீலியம் அடைத்த அறை வழியாக வரும்போது அந்தக் கூட்டு மூலக்கூறுகள் பெரும்பாலும் வடிகட்டப்படும். இல்லையென்றால் நீர்த்துப்போகச் செய்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லோரும் குரோமியத்தையே தேடுகிறோம். உங்கள் குளோரைடு 1,600. குடிநீரில் வேறு வழியில்லாத நிலையிலும் அனுமதி 1,000 வரைதான். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், ஆர்சனிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நெல் சோர்ந்து நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான் வர வேண்டும். மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஈசி, அதாவது உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், பாருங்கள், செலவும் குறைவு.

மறுபடி மாதிரி எடுக்கும்போது எவர்சில்வர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். எவர்சில்வரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குரோமியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எவர்சில்வர் சல்லடையில் சலித்த ஒரு தொகுதி மண்ணுக்கெல்லாம் குரோமியம் கூடுதலாக வந்து, இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் சுத்தமான குவார்ட்ஸ் மணலை அதே சல்லடையில் போட்டு அளந்தபோதுதான் அதிலும் குரோமியம் வந்தது. மம்மட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டுங்கள், தப்பில்லை. ஆனால் மம்மட்டி பட்ட பக்கத்தை மூங்கில் பட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்மண்ணைக் கொட்டாங்குச்சி அகப்பையால் எடுங்கள். பிளாஸ்டிக் வாளி, புது ஜிப் கவர். துத்தநாகம் பூசிய பக்கெட் வேண்டாம்.

உரச் சிபாரிசுக்கு மண் எடுப்பது போலக் கழனி முழுக்கப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். கலங்கல் தண்ணீரோடு வந்த உலோகம் முதலில் மடைவாயில்தான் படியும். மடைப் பக்கம் ஐந்து இடம் ஒரு கவர், நடுவில் ஐந்து ஒரு கவர், கடைசி வரப்போரம் ஐந்து ஒரு கவர். மூன்றும் தனித்தனியாக. மடையில் 400-ம் கடைசியில் 70-ம் இருந்து, கலந்தால் 212 என்று வந்திருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் மாற்ற வேண்டியது கீரைப் பாத்தியின் இடத்தை மட்டும்தான். மொத்த குரோமியத்துக்கான மண்ணை நிழலில் உலர்த்துங்கள். குரோமியம் ஆறு பார்க்க வேண்டிய மண்ணை உலர்த்தாமல் ஈரத்தோடு ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

கீரையையும் கொடுப்பதாக இருந்தால் சமைக்கக் கழுவுவதைவிட நன்றாகக் கழுவுங்கள். இலையில் ஒட்டிய மண் துகளே எண்ணைக் கெடுத்துவிடும். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும். அப்புறம், மிக்ஸியில் அரைத்துக் கொண்டுபோகாதீர்கள். பிளேடும் ஜாரும் என்ன உலோகம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

போரில் மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாய் வாயிலேயே பிடியுங்கள். மேல்தொட்டித் தண்ணீர் வேண்டாம், பித்தளைக் குழாய் வழியாகவும் வேண்டாம். லேப் கொடுக்கும் பாட்டிலில் நைட்ரிக் ஆசிட் சொட்டு விட்டிருந்தால் அலசிவிடாதீர்கள், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஆசிட் சேர்ப்பதற்கு முன்னால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டலும் கரைந்து கணக்கில் ஏறும்.

கோர்ட்டு, இழப்பீடு என்று போகும் எண்ணம் இருந்தால் நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி போதாது. ‘வாடிக்கையாளர் கொடுத்தது’ என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும். லேப் ஆட்களோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியோ வந்து எடுத்து, சீல் வைக்க வேண்டும். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு உதவும். ஆனால் மாதிரி சரியாக இருக்க வேண்டும்.

சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியமான என்ஏபிஎல் தரும் அங்கீகாரம் அந்த லேபுக்கு இருக்கிறதா என்பதோடு நிற்காமல், மண்ணில் குரோமியத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் சோதனைவாரியாகத்தான் தருவார்கள். கூடவே வெற்று மாதிரி (மண் இல்லாமல் ரசாயனம் மட்டும்), குரோமியம் தெரிந்தே சேர்த்த மாதிரி இரண்டின் முடிவையும் கேளுங்கள். சேர்த்ததில் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைத்திருந்தால் சரி.

தண்ணீரில் குரோமியம் ஆறு பார்ப்பதற்கு மட்டும் தனிப் பாட்டில், ஆசிட் கூடாது. ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் லேபில் அளந்துவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துவிட்டு ஞாயிறு முழுக்க வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். செவ்வாயோ புதனோ, காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போடுங்கள். பத்து மணிக்கு லேப் திறக்கும்போது நீங்கள் வாசலில் இருந்தால் போதும்.