"பேரப்பிள்ளைகள் தலையில் கடன்" என்பது உண்மையா? பட்ஜெட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலரும், அரசு கடன் வாங்கிச் செலவழித்து அடுத்த தலைமுறையை மாட்டிவிடுகிறது என்கிறார்கள். மத்திய பட்ஜெட்டை வைத்து இதை எப்படிச் சரிபார்ப்பது?

மொத்தக் கடன் எத்தனை லட்சம் கோடி என்பதில் ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் தவறுவது அங்கேதான். கடன் இல்லாமல் தொழில் கிடையாது. மெஷின் வாங்கக் கடன் வாங்கினால் அந்த மெஷினே தவணையைக் கட்டும். சம்பளம் போடவும் மின்கட்டணம் கட்டவும் கடன் வாங்கினால், மூலதனத்தையே தின்கிறோம் என்று அர்த்தம். நாட்டுக்கும் அதே கணக்குதான்.

பட்ஜெட் இணையதளத்தில் 'பட்ஜெட் ஒரு பார்வை' என்ற ஆவணத்தை எடுங்கள். மத்திய அரசின் வரவு செலவுச் சுருக்கம், சில பக்கம்தான். 2025-26 மதிப்பீட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி நிரப்பும் பள்ளம், 15.69 லட்சம் கோடி. இதற்குள் வருவாய்ப் பற்றாக்குறை என்று தனியாக ஒரு எண் இருக்கும்: 5.24 லட்சம் கோடி. அன்றாடச் செலவுக்கு வாங்கும் கடன் அது. அதில் 4.27 லட்சம் கோடி, சொத்து உருவாக்க மாநிலங்கள் முதலானவற்றுக்கு மத்திய அரசு கொடுக்கும் மானியம் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அரசுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். அந்தச் சொத்து உண்மையில் எழும்புகிறதா என்பது வேறு கேள்வி.

அடுத்து வட்டி. 12.76 லட்சம் கோடி. வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி. அதாவது நூறு ரூபாய் வந்தால் 37 ரூபாய் பழைய கடனுக்கு வட்டியாகவே போய்விடுகிறது. நிதிப் பற்றாக்குறையில் வட்டியைக் கழித்தால் 2.93 லட்சம் கோடி மிஞ்சும். பழைய வட்டியைக் கட்டவே புதுக் கடன் வாங்குகிறோம். அது போதாமல் மேலும் வாங்குகிறோம்.

பேரப்பிள்ளைகள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க ஒரே ஒரு கடன்பத்திரம் போதும். 2023 நவம்பரில் மத்திய அரசு முதன்முறையாக 50 ஆண்டுக் கடன்பத்திரம் வெளியிட்டது. வட்டி 7.46 சதவீதம், முதிர்வு 2073. ஒரு லட்சத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,730 ரூபாய். ஐம்பது ஆண்டில் வட்டி மட்டும் 3,73,000, கடைசியில் அசல் ஒரு லட்சம். அந்த ஆண்டு பிறந்த குழந்தை ஐம்பது வயதில் அந்த அசலைக் கட்ட வேண்டும். "நம் கடனை நம் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும்தானே வாங்குகின்றன" என்பார்கள். வாங்கட்டும். வட்டி வாங்குபவரும் வரி கட்டுபவரும் ஒரே ஆள் இல்லையே. சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிற கூலிக்காரர் கையில் கடன்பத்திரம் எதுவும் கிடையாது.

என் பார்வையில் பெரிய பிழை 2018இல் நடந்தது. அரசின் பற்றாக்குறைக்குக் கடிவாளம் போடும் நிதிப் பொறுப்புச் சட்டம் 2003இல் வந்தபோது வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதுதான் அதன் உயிர்நாடி. 2018 திருத்தத்தில் அந்த இலக்கையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக மத்திய அரசின் கடன் 2024-25 முடிவில் உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதினார்கள். நடுவில் கொரோனா வந்தது, கடன் நின்றது 57 சதவீதத்தை ஒட்டி. இப்போதைய இலக்கு 2031 மார்ச்சில் சுமார் 50 சதவீதம். நெருக்கடி வந்தால் கடன் ஏறுவதைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல காலத்தில் இறக்கி வைக்க வேண்டும் என்கிறோம். 1991இல் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே தாங்கும் என்ற நிலையில் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். எண்பதுகளில் தாராளமாகச் செலவழித்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஓய்வூதியத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அரசு ஊழியர்களின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் நிதி சேர்ப்பதே கிடையாது. அன்றைய வரிப்பணத்தில் அன்றைய ஓய்வூதியம். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் சம்பளத்தில் ஊழியர் 10 சதவீதமும் அரசு 18.5 சதவீதமும் இப்போதே எடுத்து வைக்கிறார்கள். சுமை அதிகம்தான், ஆனால் வேலை வாங்குகிற தலைமுறையே கட்டுகிறது. பழைய திட்டத்துக்குத் திரும்புவோம் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், 2045இல் அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், எந்தச் செலவை வெட்டுவீர்கள் என்று எண்ணாகக் கேளுங்கள்.