விற்ற லேப்டாப்பைத் திருப்பித் தருகிறேன் என்கிறார்: பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: ஆன்லைனில் விளம்பரம் போட்டு, நான் வீட்டில் வைத்திருந்த லேப்டாப்பை அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருக்கு 18,000 ரூபாய்க்கு விற்றேன். ‘பேட்டரி 2 மணி நேரம் நிக்கும், வேற கம்ப்ளைன்ட் இல்லை’ என்று போட்டிருந்தேன். அவரும் நேரில் வந்து ஆன் செய்து பார்த்துவிட்டு, ஜிபேயில் பணம் போட்டு எடுத்துப் போனார். நாலு நாள் கழித்து, பேட்டரி 20 நிமிஷம்தான் நிற்கிறது, திரையை மடக்கும் ஹிஞ்சும் விட்டுப்போச்சு, முழுப் பணமும் வேண்டும், இல்லையென்றால் சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன் என்கிறார். என்ன செய்வது? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில், அவர் நம்பரை பிளாக் செய்யாதீர்கள். ‘பணத்தை வாங்கிவிட்டு போனை எடுக்கவில்லை’ என்று புகாரில் எழுத நீங்களே வழி செய்து கொடுத்தது போல ஆகிவிடும். ‘தந்துடுதேன்’ என்றும் வாய்விடாதீர்கள், ‘என்ன வேணா செஞ்சுக்கோ’ என்றும் எகிறாதீர்கள். இன்றைக்கே வாட்ஸ்அப்பில் இப்படிப் போடுங்கள்: “அண்ணாச்சி, சனிக்கிழமை லேப்டாப்பையும் சார்ஜரையும் வண்ணார்பேட்டைக்கு எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேருமா ஒரு சர்வீஸ் கடையில வச்சுப் பார்த்துட்டுப் பேசுவோம். அதுவரைக்கும் வேற எங்கேயும் கழட்ட வேண்டாம்.” கடைசி வரிதான் முக்கியம். வேறு கை பட்டுவிட்டால், எது எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டம் உங்கள் பக்கம் பாதிதான். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, வியாபாரியாக இல்லாமல் சொந்தப் பொருளை விற்பவர் அதன் தரத்துக்குத் தானாகவே உத்தரவாதம் கொடுத்ததாக ஆகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் விற்பதைத் தொழிலாகச் செய்பவர்களைக் குறித்ததுதான். ஆனால் நீங்களாக எழுதிய வாக்கு உங்களைக் கட்டும். ‘2 மணி நேரம்’ என்று போட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஹிஞ்ச் ஏற்கெனவே ஆடியது தெரிந்தே மறைத்திருந்தால் அதற்கும்தான்.

பேட்டரி விஷயத்தில் வாய்ச்சண்டைக்கு இடமே இல்லை. விண்டோஸில் ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்று ஒன்று உண்டு. சர்வீஸ் கடைப் பையன் அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பான். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு, இப்போது முழுசாக ஏறும் கொள்ளளவு. முதலாவது 41,040, இரண்டாவது 24,600 என்றால் பேட்டரியில் 60 சதவீதம் மிச்சம். சாதாரண வேலைக்கு 2 மணி நேரம் என்று நீங்கள் சொன்னது நியாயமாகவே இருக்கலாம்; அவர் வீட்டில் வெளிச்சத்தை முழுசாக வைத்து கேம் ஆடினால் சீக்கிரம் இறங்கத்தான் செய்யும். இரண்டாவது எண் 8,000-க்குக் கீழே கிடந்தால் பிரச்சினை உங்களுடையது. நல்ல பேட்டரி நாலு நாளில் இவ்வளவு இறங்குவது அபூர்வம். அதே ரிப்போர்ட்டில் கொள்ளளவு வாரவாரியாகவும் இருக்கும். ஆனால் விற்கும்போது விண்டோஸை புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தால் பழைய கணக்கு அதில் இருக்காது. பேட்டரியின் சீரியல் நம்பரும் பெரும்பாலும் அதில் வரும். விற்பதற்கு முன் எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால் ஒப்பிடுங்கள். பேட்டரியை மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஹிஞ்சைக் கழட்டித்தான் பார்க்க வேண்டும். ஹிஞ்ச் இறுகிப்போன லேப்டாப்பை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து மூடினால், பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டு பெயர்ந்து வந்துவிடும். பழைய உடைசல் என்றால் விரிசலுக்குள் அழுக்கு படிந்திருக்கும், சில சமயம் பசை போட்ட தடமும் இருக்கும். புது உடைசலின் ஓரம் பளிச்சென்று வெளுத்திருக்கும். இது நூற்றுக்கு நூறு சாட்சி இல்லை, ஆனால் நேரில் பார்த்ததும் இருவரில் ஒருவர் குரலைத் தணிப்பார். லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பரையும் உங்கள் பில்லோடு சரிபாருங்கள். ரேம், எஸ்எஸ்டி அளவையும் பார்த்துவிடுங்கள். திரும்பி வரும் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் 4 ஆகியிருப்பதும் நடக்கிற கதைதான்.

பேட்டரி உண்மையிலேயே செத்திருந்தால், புது பேட்டரிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதே மலிவு. ஹிஞ்ச் புது உடைசல் என்றால் அது அவர் செலவு. முழுப் பணமும் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

புகார் மிரட்டலுக்கு வருவோம். சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்கு போன் போட்டு மோசடி என்று பதிவு செய்தால், அந்த 18,000 ரூபாயை வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அப்போது கைகொடுப்பவை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், முழு வாட்ஸ்அப் உரையாடல், பணம் வந்த பதிவு, வாங்கின பில். உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள். விளம்பரம் இன்னும் இருந்தால் இப்போதே படமெடுத்து வையுங்கள்.

பணம் கொடுப்பதாக முடிவானால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான். ‘மச்சான் நம்பருக்குப் போட்டுவிடுங்க’ என்றால் மறுத்துவிடுங்கள். வந்த பணம் வேறொருவரிடம் ஏமாற்றி வாங்கியதாக இருந்தால், மச்சானுக்குக் கொடுத்தது கணக்கில் சேராது. பணத்தை இழந்த அந்த ஆளுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும். ரிமார்க்ஸில் ‘பேட்டரிக்காக, இத்துடன் முடிந்தது’ என்று போட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் அவரிடம் ‘சரி’ வாங்குங்கள்.

லேப்டாப்பையே திரும்ப எடுப்பதாக இருந்தால், பணம் அனுப்புமுன் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கை அவர் கையாலேயே எடுக்கச் சொல்லி, ரீசெட் முடியும்வரை உட்கார்ந்திருங்கள். பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அமைப்பு) பாஸ்வேர்டு போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். அவர் அம்பைக்குப் போனபிறகு அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குவது லேசில்லை.