இரவுக் காவலரின் சர்க்கரை

கேள்வி: என் கணவருக்கு வயது 46. ஒரு குடோனில் இரவுக் காவலராக இருக்கிறார். மாலை 7 மணிக்குப் போனால் காலை 7 மணிக்குத்தான் வேலை முடியும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இருக்கின்றன. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. பீடியையும் விடவில்லை. மன உறுதியே இல்லாதவரை எப்படித் திருத்துவது?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: சகோதரி, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பழியை முழுதும் அவர் தலையில் போடாதீர்கள். 12 மணி நேரம் கண்விழித்துவிட்டு வருபவர் எந்தத் தெம்பில் நடக்கப் போவார்?

இரவில் இன்சுலினின் வேலை மந்தமாகும். பகலில் சாப்பிடும் அதே உணவை நள்ளிரவில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். தூக்கம் குறைந்தால் பசி அதிகரிக்கும், நாக்கு இனிப்பைத் தேடும். அந்த நேரத்தில் அவர் கைக்கு எட்டுவது சர்க்கரை போட்ட டீ, பன், பீடி.

1967இல் பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய ‘ஒயிட்ஹால்’ ஆய்வில், உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. வாயில்காப்பவர்களும் அந்தக் கடைநிலையில்தான் இருந்தார்கள். புகைப்பழக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. வேலையும் சம்பளமும் உடம்பில் இறங்கும் என்பதை நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வேலைக்குக் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பிடட்டும். இரவுக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ கட்டிக் கொடுங்கள். பிளாஸ்கில் சர்க்கரை இல்லாத டீ போதும். ஊறுகாய், அப்பளம் வேண்டாம். உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது. தனியாக நடக்கப் போக முடியாவிட்டால், குடோனைச் சுற்றி வரும் ரோந்தையே சற்று வேகமாக நடக்கலாம். பகலில் அவர் தூங்கும் அறையை இருட்டாக்கி, செல்போனை வெளியே வையுங்கள். இதை வீட்டில் எல்லோரும் மதிக்க வேண்டும்.

பீடிதான் அவசரம். விட்ட ஓராண்டிலேயே மாரடைப்பு அபாயம் பாதியளவு குறையும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு வழிகாட்டுவார்கள். திட்டினால் ஒளிந்து குடிப்பார், அவ்வளவுதான்.

காலைத் தூக்கத்தால் ஆஸ்பத்திரி தவறிப்போகிறதா? 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த இரு நோய்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் இரவு வேலை என்பதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய சாப்பாட்டு நேரத்துக்கு ஏற்றபடி மாத்திரை நேரத்தை டாக்டர் மாற்றித் தருவார்.