பட்டமளிப்பு மேடையில் பையன்கள் எங்கே?

அன்புள்ள ஐயா,

மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக வேலூர் வந்திருந்தேன். இருபாலர் கல்லூரிதான், ஆனால் மேடை ஏறியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதல் வருஷம் பையன்களும் நிறைய இருந்தார்கள் என்கிறாள் மகள். இது பெண்களின் முன்னேற்றமா, பையன்களின் சரிவா? உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணி என்கிறார்களே, அது எப்படி?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

மகளுக்கு வாழ்த்துகள். இரண்டும்தான் என்று தோன்றுகிறது. முதலில் அந்த 'முன்னணி'யைப் பார்த்துவிடுவோம். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18-23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் பெயர் பதிந்தவர்கள், 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அது பெயர் பதிந்தவர்களின் கணக்கு. எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பது அந்த விகிதத்தில் தெரியாது.

அமெரிக்காவில் இதற்கென்று 1990-லேயே சட்டம் போட்டார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர், படிப்புக் காலத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் முடித்தார்கள் என்று கல்லூரிகள் வெளியிட வேண்டும். இங்கே அதற்குக் கிட்டத்தில் வருவது, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரம். முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள் என்று அதில் கட்டங்கள் உண்டு. பல கல்லூரிகள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். ஆனால் நின்றுபோனவர் ஆணா பெண்ணா, எந்தச் சமூகம், எந்த ஊர் என்பதை அந்தக் கட்டங்களில் தேடினால் கிடைக்காது.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பையன்கள் எங்கே போகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவன், பி.எஸ்சி. கணிதம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஐந்தாவது செமஸ்டரில் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்துவிட்டான். அட்டெண்டன்ஸ் குறைந்தது, அதற்கான காண்டொனேஷன் கட்டணத்தைக் கட்டிப் பரீட்சை எழுதினான். மூன்று பேப்பர் நின்றுவிட்டது. நவம்பரில் அரியர் எழுதப் போனால் ஆர்டர் நேரம், லீவு இல்லை. ஏப்ரலில் பீஸ் கட்டும் தேதி தாண்டியபிறகுதான் அவனுக்கு ஞாபகமே வந்தது. கையில் டி.சி. இருக்கிறது, பட்டம் இல்லை. சேர்க்கைக் கணக்கில் மூன்று வருஷமும் அவனும் ஒருவன்.

பெண்களுக்கு நிலைமை வேறு. 'டிகிரியை முடி, அப்புறம் கல்யாணம்' என்பது பல வீடுகளில் ஒப்பந்தம் மாதிரி. 2021-ல் டவுன் பஸ் இலவசமானது. 2022-ல் புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல்தான் தொடங்கியது. அந்த ஆயிரம் கம்பெனிச் சம்பளத்தை வெல்லும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. (பையன்கள் பின்னால் வருவது வேலூருக்குப் புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1918-ல் மருத்துவப் பள்ளி தொடங்கியது பெண்களுக்குத்தான். ஆண்களுக்கு 1947-ல்தான் இடம் கிடைத்தது.)

நீங்கள் கேட்காத ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஜவ்வாது மலையின் பீஞ்சமந்தை, புதூர்நாடு பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மேடை ஏறினார்கள்? அங்கே வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர் (கேரளத்தவர் அல்ல). பழங்குடியினர் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இன்றைக்கும் இந்தப் பகுதியின் பழைய பெயரான வட ஆர்க்காடு மாவட்டம் என்றுதான் இருக்கிறது. இட ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடலாம். கீழே விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் தினமும் மலை இறங்கி ஏறுவது ஆகிற காரியமா? இவர்களில் யார் எந்த செமஸ்டரில் நின்றார் என்று துறைவாரியாக எடுத்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அரியர் பட்டியல் ஒவ்வொரு கல்லூரியின் தேர்வுப் பிரிவிலும் இருக்கிறது. ஒன்றிரண்டு பேப்பரில் நிற்பவர்களுக்கு, பீஸ் கட்டக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் துறையிலிருந்து யாராவது போன் செய்தால் போதும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.