டிரிப்ஸ் இருக்கட்டும், பையனின் ரத்தத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஒரு வருடமாக அசதி, மறதி, முடி கொட்டுகிறது. இரண்டு பற்களில் வெள்ளி அடைத்திருக்கிறேன். வாரம் மூன்று நாள் மீன், ரசம் ஈயச்சொம்பில்தான். ஒரு டீடாக்ஸ் மையத்தில் மாத்திரை கொடுத்துச் சிறுநீர் பிடித்துப் பார்த்துவிட்டு, காரீயமும் பாதரசமும் அதிகம், கீலேஷன் டிரிப்ஸ் 20 ஏற்ற வேண்டும், இதய அடைப்பு இருந்தாலும் கரைந்துவிடும் என்கிறார்கள். கணவர் பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூன்று வயது மகனுக்கு அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல். சுவரைச் சுரண்டித் தின்கிறான், முன்பு போலப் பேசுவதில்லை. என் உடம்பில் இருப்பது தாய்ப்பால் வழியாக அவனுக்கும் போயிருக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நாளைக் காலையில் பையனைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டும். சீட்டில் 'பிளட் லெட்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும். ரத்தத்தைக் கை நரம்பில் எடுக்கட்டும். விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியே முடிவைக் கெடுத்துவிடும். வயிற்று வலிக்கென்று பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த நாட்டு மருந்துப் பொடி ஏதாவது கொடுத்திருந்தால் அந்தப் பொட்டலத்தையும் கொண்டு போங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், தள்ளாடும் நடை, வலிப்பு. இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நடு ராத்திரியானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காரீயம் மூளையை வீங்கவைத்துவிட்டது என்பதற்கான அறிகுறிகள் அவை. "அப்பாவுக்கு பேட்டரி பட்டறையில் வேலை" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மூளைக்காய்ச்சலைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உங்களிடமிருந்து போனதா என்று கேட்டு உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம். தாய்ப்பாலில் கொஞ்சம் போவது உண்மைதான். ஆனால் பேட்டரி உருக்குகிறவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்குக் காரீயம் வருகிற பெரிய வழி அதுவல்ல, தூசி. சட்டையிலும் தலைமுடியிலும் செருப்பிலும் பைக் சீட்டிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. பையன் தரையில் விளையாடுகிறான், கையை வாயில் வைக்கிறான். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைச் சிறு குழந்தைகள் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்வார்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் அதிகம். சுவரையும் மண்ணையும் தின்னத் தோன்றுவதும் அந்தக் குறையால் இருக்கலாம். சுவரில் பழைய எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் அதிலிருந்தும் காரீயம் போகும். பெயின்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

நான் மிகைப்படுத்தவில்லை. செனகலில், டக்கார் நகரை ஒட்டிய தியாரோய்-சுர்-மெர் என்ற ஊரில் பழைய பேட்டரிகளிலிருந்து காரீயம் பிரித்தார்கள். 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலுமாக 18 குழந்தைகள் இறந்துபோயின.

ஆகவே இன்றிலிருந்தே உங்கள் வீட்டுக்காரர் பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வரட்டும். அங்கே வசதி இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே. அந்தத் துணியை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். அவருக்கும் உங்களுக்கும் இதே ரத்தப் பரிசோதனை வேண்டும். அவருக்கு வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலியோ, மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்குவதோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

இனி அந்த டீடாக்ஸ் மையம். கீலேஷன் மருந்து உலோகத்தைப் பற்றி இழுத்துச் சிறுநீரில் தள்ளும். அதன் வேலையே அது. கீலேஷன் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மாத்திரை போடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் என் சிறுநீரிலும் 'அதிகம்' என்று சிவப்புக் கோடு வரும். இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் அமைப்பு எப்போதோ சொல்லிவிட்டது. ஆனாலும் ரிப்போர்ட் வண்ண வண்ணமாக அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது.

மருந்தைக் குறை சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில், லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சுவாயுவை முறிக்க ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்ததிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. உரிய இடத்தில் உயிரைக் காப்பாற்றும். பையனின் அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் அவனுக்கு நிச்சயம் வேண்டும். 70ஐத் தாண்டினால் அது அவசர நிலை. 45க்குக் கீழே என்றால் தூசியை நிறுத்துவதும், இரும்புக் குறையைச் சரிசெய்வதும், திரும்பத் திரும்ப அளவு பார்ப்பதும்தான் சிகிச்சை. ரத்தத்தில் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு சக்சிமர் என்ற கீலேஷன் மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2001இல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு ரத்த அளவு இறங்கியது, ஆனால் அறிவுத்திறன் சோதனையில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். எலும்பில் சேர்ந்த காரீயம் பத்து இருபது வருடம் அங்கேயே கிடந்து, மெல்ல ரத்தத்துக்குத் திரும்பும். வீட்டுக்குள் தூசி வந்துகொண்டிருக்கும்போதே மருந்து கொடுத்தால் பலன் நிற்காது. குடலில் உறிஞ்சுவது கூடிவிடவும் வாய்ப்புண்டு.

டிரிப்ஸில் போகும் கீலேஷன் மருந்தான ஈடிடிஏவில் இரண்டு வகை உண்டு. காரீயத்துக்குக் கொடுப்பது கால்சியம் சேர்ந்தது. டைசோடியம் என்பதை ஏற்றினால் ரத்தத்தின் கால்சியம் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் இருந்த ஐந்து வயதுப் பையன் அப்படித்தான் இறந்தான். டீடாக்ஸ் கடைக்காரர் எந்தப் பாட்டிலைத் தொங்கவிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இதய அடைப்பு கரையும் என்பதும் பேச்சுதான். 2013இல் ஒரு ஆய்வில் சிறு பலன் தெரிந்தது. மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளை வைத்து மறுபடி செய்து 2024இல் வெளியிட்டார்கள், பலன் இல்லை.

மற்றவை சில வரிகளில். பல் அடைப்பை நோண்டாதீர்கள். பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடுங்கள், சுறாவையும் பெரிய வஞ்சிரத்தையும் குறையுங்கள். ஈயச்சொம்பு சுத்தமான வெள்ளீயம் என்றால் பயமில்லை. எங்கே வாங்கியது என்றே தெரியாத மலிவுச் சொம்பு என்றால் காரீயம் கலந்திருக்கலாம், பரணில் போடுங்கள். அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். கொத்தமல்லிச் சாறு காரீயத்தை எடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டிரிப்ஸுக்கு முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.