பெட்டிக்குள் சார்ஜர் இல்லை: கடைக்காரரிடம் என்ன கேட்கலாம்?

வாசகியின் கேள்வி: "நான் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகளுக்கு முதன்முதலாக ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். கடந்த மாதம், சேலத்தில் ஒரு கடையில், விலை 26,500 ரூபாய். 'அரை மணி நேரத்தில் முழுச் சார்ஜ்' என்று கடை வாசலில் தமிழில் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் உள்ளே போனோம். பணம் கட்டிய பிறகு பெட்டியைப் பிரித்தால் போனும் ஒரு கேபிளும் சிம் தட்டைத் திறக்கும் ஊசியும்தான் இருந்தன. சார்ஜர் இல்லை. எங்கள் வீட்டில் என் பட்டன் போனின் மெல்லிய முனைச் சார்ஜரைத் தவிர வேறு கிடையாது. 'இப்போது கம்பெனிகள் சார்ஜர் தருவதில்லை, வேறு சார்ஜர் போட்டால் வாரண்டி போய்விடும்' என்று சொல்லி அதே கம்பெனியின் சார்ஜரை 1,999 ரூபாய்க்கு விற்றார்கள். மறுவாரம் போய்ப் பார்த்தபோது, அந்த பிளக்ஸின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. சார்ஜர் தனியாக வாங்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமாம். மகள் படித்துச் சொன்னாள். போனோடு சார்ஜர் கொடுப்பது அவர்கள் கடமை இல்லையா? என் பணம் திரும்பக் கிடைக்குமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சார்ஜர் கொடுப்பது சட்டப்படி அவர்கள் கடமையா என்பது ஒன்று. உங்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம் சட்டப்படி சரியா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என் பதில் 'இல்லை'. முதல் 'இல்லை' கடைக்காரருக்குச் சாதகமானது. இரண்டாவது 'இல்லை' உங்களுக்குச் சாதகமானது. வழக்கை இரண்டாவதன் மேல்தான் கட்ட வேண்டும்.

செல்போன் பெட்டிக்குள் சார்ஜர் இருந்தே தீர வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் நிறுவனம் சார்ஜரைப் பெட்டியிலிருந்து எடுத்தது. சில மாதங்களில், 2021 ஜனவரியில், சாம்சங் தன் எஸ்21 வரிசையில் அதையே செய்தது. மின்னணுக் கழிவு குறையும், ஏற்கெனவே எல்லோரிடமும் சார்ஜர் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். மேசை இழுப்பறையில் நான்கு சார்ஜர் வைத்திருப்பவருக்கு அது பொருந்தலாம். வீட்டுக்குள் முதல் ஸ்மார்ட்போன் வரும் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? உங்களுக்கு எந்தக் கழிவும் குறையவில்லை. கூடுதலாக 1,999 ரூபாய் செலவும் ஒரு அட்டைப் பெட்டியும்தான் வந்தன. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் என் கோபத்தை வைத்து நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் ஆணையம் தீர்ப்பெழுதாது.

'சார்ஜர் இல்லாமல் போன் இயங்காது, ஆகவே இது குறைபாடுள்ள பொருள்' என்று வாதிடலாமா? வாதிடலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்ற பொருள் அதன் பயன்பாட்டுக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்று சில சூழல்களில் எதிர்பார்க்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே பெட்டியைத் திருப்பி, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று அச்சிட்ட வரியைக் காட்டுவார். 'இவ்வளவுதான் தருகிறோம் என்று சொல்லித்தான் விற்றோம்' என்பார். அந்த வாதத்துக்கு வலு உண்டு. இதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள்.

பிரேசிலில் இந்த வாதமே வென்றது. அங்கே 2022 செப்டம்பரில், ஐபோன் 14 அறிமுகமாவதற்கு முன்தினம், நீதித்துறை அமைச்சகம் சார்ஜர் இல்லாத ஐபோன் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டு, ஆப்பிளுக்கு 1.2 கோடி ரியாலுக்கும் மேல் அபராதம் விதித்தது. பொருளை முழுமையற்றதாக விற்கிறீர்கள், உங்கள் பொறுப்பை மற்றவர் தலையில் கட்டுகிறீர்கள் என்று உத்தரவு சொன்னது. சுற்றுச்சூழல் காரணத்தை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நேர் எதிர்த் திசையில் போனது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் விதிப்படி, சார்ஜரோடு விற்கும் நிறுவனம் சார்ஜர் இல்லாமலும் வாங்க வழி தர வேண்டும். ஆனால் அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது. உள்ளே சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பெட்டியின் மேல் ஒரு படக்குறியால் காட்ட வேண்டும். இல்லையென்றால் சார்ஜர் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பணம் கட்டுவதற்கு முன்பே புரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் அந்தப் படக்குறி கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சார்ஜர் வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவரிடம் இருக்க வேண்டும். வேண்டாம் என்பவருக்கு அதற்கான விலைக் கழிவு ரசீதில் தெரிய வேண்டும்.

இனி உங்களுக்குச் சாதகமான பகுதிக்கு வருகிறேன்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தை, பிரிவு 2(28)இல் 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்' என்கிறது. அரை மணி நேரத்தில் முழுச் சார்ஜ் ஏற வேண்டுமென்றால், அந்த வேகத்துக்கான சார்ஜர் வேண்டும். அது பெட்டிக்குள் இல்லை. அப்படியானால் உங்களை உள்ளே அழைத்துப் போன அந்த வாசகம், நீங்கள் 26,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றியதே அல்ல. 28,499 ரூபாய் கொடுத்தால் கிடைக்கும் பொருளைப் பற்றியது.

அடியில் எழுதியிருந்தோமே என்பார்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதற்கு நேரடியான பதில் வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் சொல்லும் செய்திக்கு நிபந்தனைக் குறிப்பு சேர்த்தால், செய்தி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் குறிப்பும் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதே எழுத்துருவாக இருக்க வேண்டும். கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஆசை காட்டுவது தமிழில், நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் என்றால், அது இந்த நெறிமுறைக்கு முரண். உங்கள் வழக்கில் மிக வலுவான புள்ளி இது என்று நினைக்கிறேன். அந்த பிளக்ஸ் இன்னும் அங்கே இருந்தால், மகளை அனுப்பி இன்றே புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். முழுத் தட்டியும் கடையும் தெரிய ஒரு படம், அடியில் உள்ள வரி மட்டும் தெரிய இன்னொரு படம். நோட்டீஸ் போன மறுநாள் தட்டி இறங்கிவிடும்.

அடுத்தது அந்த வாரண்டிப் பேச்சு. சட்டத்தின் பிரிவு 2(47), 'நியாயமற்ற வணிக நடைமுறை' எவை என்று நீண்ட பட்டியல் தருகிறது. ஒரு பொருள் தேவை என்பது குறித்து வாங்குபவரிடம் பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் கூற்றைச் சொல்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இல்லாத துணைக்கருவிகள் இருப்பதுபோல் காட்டுவதும் இருக்கிறது. உங்கள் வாரண்டி அட்டையை எடுத்து நிதானமாகப் படியுங்கள். பொதுவாக அதில், பொருந்தாத துணைக்கருவியால் ஏற்படும் பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று இருக்கும். வேறு சார்ஜர் போட்டாலே மொத்த வாரண்டியும் ரத்தாகிவிடும் என்பது முற்றிலும் வேறு சங்கதி. முன்னதில், சார்ஜரால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். பின்னது வெறும் மிரட்டல்.

வாய்மொழியாகச் சொன்னதை எப்படி நிரூபிப்பது என்று கேட்பீர்கள். உடனிருந்த உங்கள் மகள் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அந்தப் போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "உரிய தரச்சான்று பெற்ற வேறு நிறுவனத்தின் சார்ஜரைப் பயன்படுத்தினால் என் போனின் வாரண்டி ரத்தாகுமா?" 'ஆகாது' என்று பதில் வந்தால், கடைக்காரர் சொன்னது பொய் என்பதற்கு நிறுவனமே சாட்சி. 'ஆகும்' என்று பதில் வந்தால், சார்ஜரைத் தராமல் விற்றுவிட்டுத் தங்கள் சார்ஜரையே வாங்க வைக்கிறார்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் கிடைக்கிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் வாங்கு என்று நிபந்தனை போடுவதைப் பிரிவு 2(41), 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்கிறது. உங்கள் விஷயத்தில் போன் முதலிலேயே விற்கப்பட்டுவிட்டதால் அந்தப் பிரிவு அப்படியே பொருந்தாது. அதைத் துணை வாதமாக வைத்துக்கொள்ளலாம். 'சார்ஜரும் எடுத்தால்தான் போன் தருவோம்' என்று பில் போடும் முன்பே யாரிடமாவது சொன்னால், அவர் அதை முதல் வாதமாகவே வைக்கலாம்.

போனைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்காதீர்கள். போன் நன்றாக வேலை செய்கிறது, மகள் பயன்படுத்துகிறாள். அந்தக் கோரிக்கை நிற்காது, மற்ற கோரிக்கைகளையும் பலவீனமாக்கும். சார்ஜருக்குக் கொடுத்த 1,999 ரூபாய், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். கூடவே, அந்த விளம்பரத்தை நிறுத்தவும் திருத்த விளம்பரம் வெளியிடவும் உத்தரவு கேளுங்கள். அப்படி உத்தரவிடும் அதிகாரத்தைப் பிரிவு 39 மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. பணத்தைவிட இந்த உத்தரவுக்குத்தான் கடை பயப்படும். சார்ஜர் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையையும் பார்த்துவிடுங்கள். 1,999க்குக் குறைவாக இருந்தால், அதிக விலைக்கு விற்றது எடையளவுச் சட்டப்படி தனிக் குற்றம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். இந்த அளவு தொகை பல நேரங்களில் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சேலத்தில் இருக்கிறதே என்று நீங்கள் சேலத்துக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்தில், அதாவது நாமக்கல்லிலேயே, வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் எதுவும் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே பேசலாம். வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். எதிர்த்தரப்பாகக் கடையை மட்டும் சேர்க்காமல் போன் நிறுவனத்தையும் சேருங்கள். இல்லையென்றால் கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுவார், கம்பெனிக்காரர் கடையைக் கை காட்டுவார்.

அதே பிளக்ஸைப் பார்த்து எத்தனை பேர் அந்தக் கடைக்குள் போயிருப்பார்கள்! சேலம் மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ பிரிவு 17இன்படி ஒரு புகார் அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் பணம் திரும்பி வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிமேல் எப்போதாவது வெளியில் சார்ஜர் வாங்கினால், அதன் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதா என்பதை அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் மகளே சரிபார்த்துவிடலாம். முத்திரை இல்லாத மலிவுச் சார்ஜரை, எத்தனை பேர் பரிந்துரைத்தாலும், வாங்காதீர்கள். அது தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது.

கடைக்கும் நிறுவனத்துக்கும் அனுப்ப ஒரு கடித வாசகம் எழுதித் தருகிறேன். தேதியையும் ரசீது எண்களையும் மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்:

"தங்கள் கடையில் இன்ன தேதியில், இன்ன எண் ரசீதின்படி 26,500 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் வாங்கினேன். 'அரை மணி நேரத்தில் முழுச் சார்ஜ்' என்ற தங்கள் தமிழ் விளம்பரத்தை நம்பியே வாங்கினேன். அதற்குத் தேவையான சார்ஜர் பெட்டிக்குள் இல்லை என்பது பணம் கட்டும் முன் எனக்குச் சொல்லப்படவில்லை. வேறு சார்ஜர் பயன்படுத்தினால் வாரண்டி ரத்தாகும் என்று தவறாகச் சொல்லி, இன்ன எண் ரசீதின்படி 1,999 ரூபாய்க்குச் சார்ஜர் விற்கப்பட்டது. இவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவுகள் 2(28), 2(47) ஆகியவற்றின் கீழ் வருபவை. இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் 1,999 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இழப்பீடு கோரி வழக்குத் தொடுப்பேன்."

இரண்டு நகல் எடுத்து, ஒப்புகை வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தபால் ரசீதையும் திரும்பி வரும் ஒப்புகையையும், போன் ரசீதுகளோடும் பெட்டியோடும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.