கேட்டதும் சொன்னதும்: சொந்த ஜேசிபியா, வாடகை ஜேசிபியா?

கேள்வி: வணக்கம் சார். சின்ன அளவில் கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். வீட்டு அஸ்திவாரம், செப்டிக் டேங்க் குழி, பைப் லைன் பள்ளம், காம்பவுண்டு சுவர் என்று வருடம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஜேசிபிக்காரருக்குப் போன் மேல் போன் போட வேண்டியிருக்கிறது. "இதோ கிளம்பிட்டேன்" என்பார், மறுநாள்தான் வருவார். வாடகைக்குக் கொடுக்கும் பணத்தைத் தவணையாகக் கட்டினால் வண்டியாவது மிஞ்சும் என்று தோன்றுகிறது. கடன் தரவும் தயாராக இருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எல்லாவற்றையும் எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. போன வருடம் முழுக்க வாடகை வண்டி உங்களுக்காக மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது? அது தெரியாமல் நான் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அது குருட்டு ஜோசியம்தான்.

வாடகையைத் தவணையாகக் கட்டலாமே என்பது வீட்டுக்கு ஓரளவு பொருந்தும் கணக்கு. வீடு டீசல் குடிக்காது, அதற்கு ஆபரேட்டர் சம்பளம் கிடையாது, ஆயில் போகும் ஹோஸ் குழாய் வெடித்து நடு வேலையில் நிற்காது. இயந்திரத்துக்குச் செலவு இரண்டு வகை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது ஒன்று: தவணை, இன்ஷூரன்ஸ், ஆபரேட்டரின் மாதச் சம்பளம், வண்டி நிறுத்த இடம், பெரிய ரிப்பேருக்கு என்று எடுத்து வைக்க வேண்டிய தொகை. ஓடினால் மட்டும் வருவது இன்னொன்று: டீசல், ஆயில், ஃபில்டர், கிரீஸ், டயர் தேய்மானம், பக்கெட் பல், மூட்டுகளில் தேயும் பின் (pin), புஷ் (bush).

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். எல்லாம் கணக்குக்காக நான் வைத்த எண்கள்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். டீசலும் ஆபரேட்டரும் சேர்த்து வாடகை வண்டிக்கு மணிக்கு 100 கொடுக்கிறீர்கள், சொந்த வண்டி ஓடினால் மணிக்கு 45 செலவாகிறது என்று வையுங்கள். சொந்த வண்டி ஓடும் ஒவ்வொரு மணிக்கும் உங்களுக்கு மிஞ்சுவது 55. ஓடாவிட்டாலும் வரும் மாதச் செலவு 6,600 என்றால், அதை 55-ஆல் வகுத்தால் 120. அதாவது மாதம் 120 மணி நேரம் ஓடினால்தான் கையைக் கடிக்காது. 70 மணிதான் ஓடியது என்றால் மிஞ்சியது 3,850, மீதி 2,750 உங்கள் பையிலிருந்து போகிறது, அதுவும் மாதாமாதம்.

தவணையில் ஒரு பகுதி வண்டியின் மதிப்பாக என்னிடமே நிற்கிறதே என்று கேட்பீர்கள். நிற்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வண்டியை விற்கும் நாளில்தான் பணமாகும், தவணையோ ஒவ்வொரு மாதமும் கேட்கும். ஒப்பந்த வேலையில் பில் பாஸாகிப் பணம் கைக்கு வர எவ்வளவு இழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஓட்டம் இருந்தும் வண்டியைக் கடன்காரரிடம் விட்டவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் மாட்டியவர்கள்தான்.

இப்போது உங்கள் வேலையைப் பாருங்கள். சின்ன வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட ஜேசிபிக்கு ஒரு நாள், மண் கடினமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அப்புறம் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, சுவர் எழும்பி, மண் நிரப்பும்போதுதான் மறுபடி அந்த சைட்டில் அதற்கு வேலை. நடுவே வண்டி சும்மா நிற்கும். ஒரே மாதத்தில் 120 மணி நேரம் தோண்ட எத்தனை சைட் வேண்டும் என்று யோசியுங்கள். வீடு கட்டுபவரைவிட பைப் லைன், மனை சமன் செய்வது, மண் அள்ளி டிப்பரில் ஏற்றுவது போன்ற வேலை எடுப்பவருக்கு இந்த மணிக்கணக்கு சீக்கிரம் சேரும்.

இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. முன்னால் சுமார் 1 கன மீட்டர் அள்ளும் பக்கெட், பின்னால் 4 மீட்டருக்கு மேல் ஆழம் தோண்டும் கை, 7, 8 டன் எடை, இவ்வளவையும் வைத்துக்கொண்டு டிரெய்லர் இல்லாமல் தானே ரோட்டில் ஓடி அடுத்த சைட்டுக்குப் போய்விடும். தோண்ட, அள்ள, நிரப்ப, சமன் செய்ய என்று நாலு வேலைக்கும் ஒரே வண்டி. சின்னச் சின்ன சைட்டாக மாறி மாறிப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். பொருத்தமான வண்டியா என்பது ஒரு கேள்வி, அது உங்கள் பெயரில் இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

ஆள் வராமல் இழுத்தடிக்கும் தொல்லைக்கும் ஒரு விலை போடுங்கள். குழி தயாராகாமல் கூலி ஆட்கள் உட்கார்ந்திருந்த நாட்கள், தள்ளிப்போன கான்கிரீட், எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகை பெரிதாக இருந்தால் அதுவும் வாங்குவதற்கு நியாயமான காரணம்தான். ஆனால் அதைச் சரிசெய்ய முதலில் இன்னொரு வழியைப் பார்க்கலாம். அடுத்த மாத வேலைகளை முன்கூட்டியே ஒருவரிடம் மொத்தமாகப் பேசி, இத்தனை மணி நேரம் உறுதியாகத் தருகிறேன், வேலை முடிந்த அன்றே பணம் என்று சொல்லுங்கள். பணத்துக்கு அலைய விடாத பார்ட்டியின் சைட்டுக்குத்தான் எந்த வண்டிக்காரரும் முதலில் கிளம்புவார்.

என் அபிப்பிராயம்: பழைய வாடகை பில்களை எடுத்துக் கூட்டுங்கள். வரப்போகும் வேலை, பேசிக்கொண்டிருக்கும் வேலை எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் சொந்த வேலை மட்டுமே அந்தக் குறைந்தபட்ச மணிக்கணக்கில் முக்கால் பங்கையாவது தொட்டால், மூன்று நான்கு மாதத் தவணைக்கான பணமும் தனியாகக் கையில் இருந்தால், வாங்குங்கள். இப்போது நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளை வைத்துப் பார்த்தால், இந்த வருடம் வேண்டாம் என்பேன்.

கேள்வி: ஏற்கெனவே ஓடிய வண்டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் குறைவாகத்தான் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மீட்டரை மாற்றலாம், தேய்மானத்தை மறைப்பது கஷ்டம். மீட்டர் குறைவாகக் காட்டி, பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, சீட் கிழிந்து, லீவர் ஆடிக்கொண்டிருந்தால் எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஏற்கெனவே சூடாக இருந்தால் ஏதோ இருக்கிறது. ஸ்டார்ட் செய்த பிறகு நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முன் பக்கெட்டில் மண்ணை அள்ளி, கொஞ்சம் உயர்த்தி, இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள் (கீழே யாரும் நிற்கக் கூடாது). கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. பின் கையை நீட்டிவைத்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லுங்கள். அது திரும்பும் மூட்டில் லொடலொட ஆட்டம் இருந்தால் பின் (pin), புஷ் மாற்றும் வேலை காத்திருக்கிறது, அது சின்னச் செலவு இல்லை. பின் கையின் பெரிய பகுதியான பூமிலும் (boom), வண்டியின் அடிச்சட்டமான சேஸிலும் வெல்டிங் அடித்துப் புதுப் பெயின்ட் பூசிய இடம் இருந்தால் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி ஓட்டிய வண்டியா என்று கேளுங்கள். பக்கெட்டையும் கையையும் இயக்கும் ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது வண்டி யோசித்து யோசித்து நகர்ந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய்ச் செய்யுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். அந்த மெக்கானிக் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு வரும் சைட்டெல்லாம் குறுகிய சந்து. ஜேசிபி உள்ளே நுழைவதே போராட்டம். மினி எக்ஸ்கவேட்டர் எனும் சின்னத் தோண்டும் இயந்திரம் வாங்கலாமா?

பதில்: உங்களுக்கு அதுதான் சரி. ஜேசிபி 2 மீட்டருக்கு மேல் அகலம், தோண்டும்போது இரண்டு பக்கமும் கால் ஊன்ற வேண்டும், பின் கை பின்பக்கத்து அரைவட்டத்துக்குள்தான் திரும்பும். 3 டன் மினி சுமார் ஒன்றரை மீட்டர் அகலம்தான், நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றும், 2.5 மீட்டருக்கு மேல் தோண்டும். ஆனால் அதை ஏற்றிச் செல்ல ஒரு வண்டி வேண்டும், டிப்பருக்கு லோடு ஏற்றுவதில் ஜேசிபியின் வேகம் வராது. முதல் கேள்விக்குச் சொன்ன அதே மணிக்கணக்கு இதற்கும் உண்டு.

கேள்வி: வேலை இல்லாத நாட்களில் வண்டியை வாடகைக்கு விட்டால் தவணை தானாக வந்துவிடும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் மச்சான். விடலாமா?

பதில்: மச்சானுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, பணம் வசூலிக்கத் தெரியுமா? இரண்டாவதுதான் முக்கியம். வாடகைக்கு விடுவது தனித் தொழில். உங்களுக்கு வேலை மந்தமாக இருக்கும் மாதத்தில் மற்றவர்களுக்கும் மந்தமாகத்தான் இருக்கும், மழைக்காலத்தில் உங்கள் சைட்டில் மட்டுமா சேறு? உங்களுக்கு வண்டி அவசரமாக வேண்டும் என்கிற நாளில் அது இன்னொருவர் சைட்டில் நிற்கும், அங்கிருந்து மச்சான் "இதோ கிளம்பிட்டேன்" என்பார். வாடகை வருமானம் வந்தால் வரட்டும், தவணைக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆபரேட்டர் டீ குடிக்கப் போனாலும் இன்ஜினை அணைப்பதில்லை. அணைத்து அணைத்துப் போட்டால் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) கெட்டுவிடும் என்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. கடுமையாக வேலை செய்த உடனே அணைத்தால் சூடாக இருக்கும் டர்போவுக்கு ஆயில் போவது நின்றுவிடும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்க வேண்டும். அதற்கு மேல் ஓடுவது வெறும் டீசல் செலவு. ஹவர் மீட்டரும் கூடவே ஏறும், 250 மணிக்கோ 500 மணிக்கோ வர வேண்டிய சர்வீஸ் தேதி வேலை நடக்காமலேயே முன்னால் வந்து நிற்கும். சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போகச் சொல்லுங்கள்.